நாலு மில்லிமீட்டர்

கீழக்கரையில் வரப்போகும் வீடு அது.
இன்னும் வானம் தோண்டவில்லை.
துபாயிலிருந்து கேட்டார் வீட்டுக்காரர்:
சாயங்கால வெயில் மாடிப்படியில் எப்படி விழும்?

விழவைத்துக்கொண்டிருந்தேன்,
தங்கச்சிமடத்தில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில்.
அங்கே ஒரு படிக்கு வெளிச்சம் வந்தால்
இங்கே சிப்பில் தொண்ணூற்றாறு டிகிரி.
அப்புறம் அது தானாகவே மெதுவாகிவிடும்,
உச்சிவெயிலில் மீன்வண்டி தள்ளுகிறவள்
நடையைக் குறைத்துக்கொள்வதுபோல.

சிப்போடு வந்த விசிறி
உள்ளங்கை அகலம்.
சத்தம் மட்டும் வள்ளத்து இஞ்சின்.

கையிருப்பு இரண்டாயிரத்து இருநூறு.
மே மாதம். தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க
ஐஸ் கம்பெனியும் வாய்மூடிக் கிடந்தது.
ஊரில் குளிர்ச்சி விற்க ஆளில்லை.

தண்ணீர் ஓடுகிற கூலர், ஏழாயிரத்துச் சொச்சம்.
படத்தில் அழகாய்த்தான் இருந்தது.
படகு இஞ்சின் பார்க்கிற ரோச் சிரித்தான்:
"கடலையே உள்ள விட்டு ஆத்துறோம் நாங்க,
தண்ணிக்குப் பயப்படலாமா பிலோமி?"
தண்ணிக்கு யார் பயந்தது,
தவணைக்கு.

ஆகவே காற்று.
காற்றுக்கு இங்கே காசில்லை.
கச்சான் அடித்தால் கொடித்துணி பறக்கும்.
ஆனால் சும்மா வராது அது,
உப்பைத் தூக்கிக்கொண்டு வரும்.
ஜன்னல் கம்பியைத் தின்றுவிட்டு
இப்போது கீல்களில் இருக்கிறது.

மூன்று ராத்திரி ஒப்பிட்டேன்.
செம்புக்குழாய் மூன்றா நாலா,
எத்தனை வாட் தாங்கும், விசிறி எத்தனை சுற்று.
கறுப்புப் பூச்சுக்கு நூற்றைம்பது கூட.
அழகுக்கென்று போட்டிருந்தார்கள்,
உப்புக்கென்று எடுத்தேன்.
வண்ண விளக்கு வைத்தது முந்நூறு அதிகம்.
எதற்கு, மீன் வந்து மொய்க்கவா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
கூரியர் ராமநாதபுரத்திலேயே
இரண்டு நாள் தூங்கி வந்தது.

களிம்பு பட்டாணி அளவு என்றிருந்தது.
பச்சைப் பட்டாணியா காய்ந்ததா
என்று இல்லை.
காய்ந்ததாக வைத்துக்கொண்டேன்.
நாலு திருகாணி, மூலைக்கு மூலை மாற்றி,
மூச்சை அடக்கி முடுக்கினேன்.
செம்பு சிப்பின்மேல் உட்கார்ந்தது.

பெட்டியின் கதவு மூடவில்லை.

கூலர் உயரம் நூற்று ஐம்பத்தொன்பது.
பெட்டிக்குள் இடம் நூற்று ஐம்பத்தைந்து.
குழாயை எண்ணினேன், வாட்டை எண்ணினேன்,
ரூபாயை எத்தனை தடவையோ எண்ணினேன்.
கட்டிலுக்கடியில் கிடந்த ஸ்கேலை
எடுக்கவே இல்லை.

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.
உள்ளே தெரிந்தால் தெரியட்டும்.

வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்றினேன்.
நாலு புள்ளி நாலு: எழுபத்திரண்டு டிகிரி.
நாலு புள்ளி ஆறு: எழுபத்தொன்பது.
நாலு புள்ளி எட்டில் ஒன்பது நிமிடம் ஓடி
நீலத்திரை.
பாக் நீரிணையைவிட நீலம்.
ஆறுக்கே இறங்கி வந்தேன்.
விசிறி இப்போது காதோரம்
யாரோ மெதுவாய் மாவு சலிப்பதுபோல.

மாடிப்படியில் வெயில் விழுந்தது.
பன்னிரண்டாம் படியில்
கைப்பிடிக் கம்பியின் நிழல்கூட
சாய்ந்து விழுந்தது.
அனுப்பினேன். பதில் வந்தது:
"நல்லாருக்கு.
வெயில மட்டும் கொஞ்சம் குறைங்க."

குறைத்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளிக்கிழமைகளில் பழைய பல்துலக்கியால்
தகடுகளின் இடுக்கில் உப்பைச் சுரண்டினேன்.
கறுப்புப் பூச்சு பொய்யில்லை,
முழு உண்மையும் இல்லை.

ஜூன் பாதியில் தடை முடிந்தது.
அன்று ராத்திரி எண்பத்து மூன்று சதவீதத்தில் இருந்தது வீடு.
பின்சுவருக்கு அப்பால்
ஐஸ் கம்பெனி கம்ப்ரஸர் உறுமிக் கிளம்ப
வோல்டேஜ் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தது.
திரை எழவில்லை.

இருட்டில் கைநீட்டித் தகடுகளைத் தொட்டேன்.
இளஞ்சூடு.
துபாய்க்காரர் வெயில்
இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஐஸ் டின்களில் தண்ணீர் நிரம்பும் சத்தம்.

யூ.பி.எஸ். என்ன விலை என்று
போனில் தட்டினேன்.
இந்தத் தடவை முதலில்
மேஜைக்கடியில் எத்தனை விரற்கடை இருக்கிறதென்று
குனிந்து பார்த்துவிட்டு.