கொசு பற்றிய கேள்வி

வாசலில் வெள்ளைக் கொடி.
இன்று இந்த வீட்டில் சோளக் கள் உண்டு என்று அர்த்தம்.
குடிக்க வந்தவர்கள் என்று நினைத்து
இரண்டு கோப்பைகளை எடுத்தே விட்டாள்.
கணக்கெடுப்புக்கு வந்தோம் என்றதும்
கவிழ்த்து வைத்தாள், வருத்தமில்லாமல்.

மொகோட்லோங் மலைகளில் ஜூலை.
ஓடைக்கு மேல் கண்ணாடித் தகடு போல் பனி.
சுரங்கத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவனை
மோலெஃபி ஆட்டுப்பட்டிக்கு அப்பால் அழைத்துப் போனான்.
ஆணை ஆண் கேட்க வேண்டும், பெண்ணைப் பெண்.
ஒருவர் பதில் மற்றவர் காதில் விழக்கூடாது.
விதி.

மாரெட்செபிலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.
படிவத்தில் பெயருக்கு இடமில்லை,
எனக்கோ பெயரில்லாமல் யாரையும் நினைக்கத் தெரியாது.

ஒருவனுக்கு ஒருத்தி என்று இருந்தால்
எச்ஐவி தொற்றும் வாய்ப்பு குறையுமா?
"ஒருத்திக்கு ஒருவனும் என்றால், ஆம்."
ஆம் என்பதை மட்டும் தொட்டேன்.

ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிந்தால்?
ஆம்.
தொற்று உள்ளவரோடு ஒரே தட்டில் உண்டால் வருமா?
"வரும் என்றால் இந்த மலையில் யார் மிஞ்சியிருப்போம்?"
பார்க்கத் திடமாக இருப்பவருக்கும் இருக்கலாமா?
பட்டிப் பக்கம் திரும்பினாள்.
போர்வைக்குள் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தன
இரண்டு அகன்ற தோள்கள்.
ஆம்.

கொசு கடித்தால் வருமா?

"கொசுவா?"
நான் ஏதோ விடுகதை போட்டதுபோல் பார்த்தாள்.
"என்னை ஒன்றும் கடித்ததில்லை.
இந்தக் குளிரில் அது எப்படி ஏறி வரும்?
வெல்காமில் உண்டு என்பான் அவன்.
கண்ணால் காணாததற்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்.
தெரியாது என்று போடு."

போட்டேன்.
பதிலைத் தொடாமல் திரை நகராது. நகர்ந்தது.

அவள் நகரவில்லை.
"ஜனவரியில் அவன் கிளம்பும்போது
பையில், சட்டைகளுக்கு அடியில், பன்னிரண்டு வைத்தேன்.
க்ளினிக்கில் சும்மா தருவதுதான்.
வந்த அன்று ராத்திரி அவன் தூங்கியபின் எண்ணினேன்.
பன்னிரண்டும் இருந்தன.
படித்தவள் நீ சொல்,
நான் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா?"

ஆம். இல்லை. தெரியாது.
மூன்றாவதன் மேல் போய் நின்றது என் விரல்.
அந்தக் கேள்வி படிவத்திலேயே இல்லை.

பிறகு மாவு டின்னுக்குள் முழங்கை வரை விட்டு
ஒரு சின்ன சீசாவை எடுத்தாள்.
தினம் ஒன்று, வருமுன் காக்கும் மாத்திரை.
என் காதருகே குலுக்கினாள். சத்தமில்லை.
அங்கோரா ஆட்டின் மயிரை உள்ளே திணித்திருந்தாள்.
"கலகலத்தால் விழித்துக்கொள்வான்.
விழித்தால் கேட்பான், யாருக்காக இது என்று."
வெள்ளை மாவு அவள் கையிலிருந்து
என் காலணி மேல் கொஞ்சம் உதிர்ந்தது.

வண்டியில் மோலெஃபி கைகளை ஊதிச் சூடாக்கிக்கொண்டே சொன்னான்,
ஐந்துக்கு ஐந்து.
கொசுவைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாராம் மனுஷன்.
சுரங்கத்தில் வருஷம் தவறாமல் வகுப்பு,
குளியலறைச் சுவரில்கூடப் படம் ஒட்டியிருக்கிறதாம்.

மசேருவில் அட்டவணை அச்சாகும்.
தடுப்பு பற்றி முழுமையாக அறிந்தோர்:
ஆண்கள் பத்தியில் அவன் இருப்பான்.
பெண்கள் பத்தியில் அவள் இருக்க மாட்டாள்,
பார்த்தேயிராத ஒரு கொசுவால்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கியது.
வெள்ளைக் கொடி ஒருமுறை தெரிந்தது, மறைந்தது,
இன்னொரு வளைவில் மறுபடியும் தெரிந்தது.
அந்தக் கோப்பையை
வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது நான்.