அடுத்த வியாழன்

சுகாதார அலுவலகத்தில்
எங்களுக்கென்று நாற்காலி இல்லை.
ஓஆர்எஸ் பெட்டிகளை இரண்டிரண்டாக அடுக்கி
உட்காரச் சொன்னார் சுந்தரவதனம் சார்.
"நசுங்காம உக்காருங்க, கணக்குல இருக்கு."

நாற்பத்தைந்து நாள் பயிற்சி.
முதல் வாரம் முழுக்க
காய்ச்சல் கண்டவர்களை
நோட்டிலிருந்து எக்செலுக்கு ஏற்றினோம்
நானும் தப்ரேஸும்.
பெயர், வயது, கதவு எண், தொழில், முடிவு.
ஏழு வயதுக்காரி ஒருத்தியின் தொழில் கட்டத்தில்
'இல்லை' என்று அடித்துவிட்டுச் சிரித்தான்.
அடுத்த கட்டத்தைப் பார்த்தவன்
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தண்ணீர் குடிக்க எழுந்து போனான்.

இரண்டாம் வாரம் வேடியம்மாவோடு அனுப்பினார்கள்.
ஐப்பசி பிறந்தும் மழை இல்லை.
கொசப்பேட்டைத் தெருக்களுக்குள்
மலைப்பாறைகள் சேர்த்துவைத்த வெயிலெல்லாம்
இறங்கி வந்திருந்தது.
அவர் பையில் டார்ச், வடிகட்டத் துணி,
அபேட் மருந்து பாட்டில், வெற்றிலைப் பொட்டலம்.
ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
கூலி எவ்வளவு என்று கேட்டேன்.
"வந்தா சொல்றேன்" என்றார்.

"பத்து நாளைக்கு ஒருக்கா வுடறான் தண்ணி.
கொட்டுன்னா இன்னா அர்த்தம்?
நீ புட்சு குடுப்பியா?"
டிரம்மைக் கட்டிக்கொண்டு நின்றாள் ஒருத்தி,
பிள்ளையைப் பிடுங்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல.
நான் கையேட்டில் படித்ததைத் தொடங்கினேன்.
வேடியம்மா பேசவே இல்லை.
காலி டிரம் ஒன்றின் வாயில் துணியைக் கட்டி
குடம் குடமாக மொண்டு ஊற்றினார்.
நாற்பது நிமிடம்.
வெள்ளைத் துணியில் புழுக்கள்
சுருண்டு நிமிர்ந்து சுருண்டன.
தண்ணீர் அந்த வீட்டிலேயே இருந்தது.

எங்கள் எக்செலில்
இதற்குக் கட்டம் இல்லை.

கதவுக்குப் பின்னால் அட்டை.
தேதிகள், பக்கத்தில் அவர் கையெழுத்து:
ஒரு 'வே', ஒரு சுழி.
விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன்.
இன்றைக்கு வியாழன்.
அதற்குக் கீழே அடுத்த வியாழனுக்கும்
சுழி இருந்தது.

என் விரல் நின்ற இடத்தை அவர் பார்த்தார்.
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு,
"அன்னிக்கு எல்லாரும் கலெக்டர் ஆபீசாண்ட போறோம்.
மூணு மாசம் ஆவுது.
அட்டை காலியா இருந்துச்சுன்னா
அந்த நாளும் பூடும்."

முட்டை கொசுவாக எட்டு நாள் என்று
வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.
சம்பளம் வர எத்தனை நாள் என்று
தேர்வுக்கு வரவில்லை.

'இன்று கற்றுக்கொண்டவை' என்று
லாக் புக்கில் நான்கு கோடு.
பேனாவை எடுத்து மூடி
எடுத்து மூடி
'கள ஆய்வு' என்று மட்டும் எழுதினேன்.

அடுத்த வியாழன்
அலுவலகம் போகவில்லை.
டார்ச்சுக்குத் தப்ரேஸின் செல்போன்,
வடிகட்ட என் துப்பட்டா.
"வேடியம்மா வரலையா?" என்று
பாதிக் கதவில் விசாரித்துவிட்டுத்தான் திறந்தார்கள்.
முதல் டிரம்மில் பாதித் தண்ணீரைத் தரையில் விட்டோம்,
வசவு வாங்கினோம்.
இருட்டுவதற்குள் ஐம்பதில் பதினேழு.

பதினெட்டாவது வீட்டுக் கதவு எண்ணை
ஏற்கெனவே அடித்திருக்கிறேன்.
தட்டக் கை வரவில்லை.
தப்ரேஸ் தட்டினான்.
யாரும் எதுவும் கேட்காமல்
உள்ளே விட்டார்கள்.
குடங்கள், பக்கெட்டுகள், அண்டா,
ஒரு சின்ன மஞ்சள் மக்
எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது.
ஈரமே இல்லை.
இவர்கள் எதில் குடிக்கிறார்கள் என்று
கேட்க வாய் வரவில்லை.

கதவுக்குப் பின்னால் பார்த்தோம்.
அன்றைய தேதிக்கு நேரே
'வே', சுழி.
பக்கத்தில் எதையும் எழுதவில்லை.

ராத்திரி லாக் புக்கில்
'விடுப்பு' என்று எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
காய்ச்சல் என்று போட்டுவிடலாமா
என்றான் தப்ரேஸ்.
அது மட்டும் வேண்டாம் என்றேன்.