மணியின் நாக்கு

பிப்ரவரி பிறந்தால் என் ஆடுகள் ஊமை.
ஸ்கீரோஸ் தீவில் மந்தை வைத்திருப்போர் வீடெல்லாம் அப்படித்தான்.
கார்னிவல் முடியும்வரை கழுத்துமணிகள் மனிதருக்கு.
சரிவில் எது எங்கே மேய்கிறதென்று
காதுக்குத் தெரியாது,
பின்னாலேயே நடந்து தேட வேண்டும்.

இந்த வருடம் மணி கேட்டு வந்தவன் அனார்கிரோஸ்,
லினாரியா துறைமுகத்து மீன் லாரிக்காரன்.
"அமெர்சூதா, ஐம்பது கிடைக்குமா?"
வாசலிலேயே நின்றான்,
பார்வை என் செருப்பில்.
இருந்தவை நாற்பத்தெட்டு.
நாற்பத்தேழுக்குக் கழுத்து உண்டு.
ஒன்று கனேலாவுடையது.

நவம்பரில் மழை விட்ட ஒரு காலை
வளைவுக்குக் கீழே கிடந்தாள் கனேலா.
பட்டை நிறத்தாள், ஒற்றைக் கொம்பு ஒடிந்தவள்,
எந்த மழையிலும் மந்தைக்கு முன்னால் நடந்தவள்.
பக்கத்தில் கட்டைவிரல் அளவு
ஆரஞ்சுக் கண்ணாடிச் சில்லு.
அது என் அடுப்பு மேடையில்
உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.
அவன் லாரியின் இடது சிக்னல் விளக்கு
கிறிஸ்துமஸ் வரை டேப் ஒட்டியபடி ஓடியது.
நான் கேட்கவில்லை.
அவன் சொல்லவில்லை.
ரொட்டிக்கடை வரிசையில்
முன்னும் பின்னுமாக நின்றோம், பலமுறை.

பூனைக்கு மணி கட்டத்தான் ஆள் கிடைக்காது.
யேரோஸ் வேடம் போடுகிறவனுக்கு, அந்தக் கறுப்புக் கிழவனுக்கு,
கட்டிவிட ஒருவர் வந்தே ஆக வேண்டும்.
மேய்ப்பனின் அங்கியைத் திருப்பிப் போட்டு
மயிர்ப்பக்கம் வெளியே தெரிய நின்றான்.
இடுப்பில் கயிற்றைச் சுற்றி
முழங்காலை அவன் முதுகில் ஊன்றி இழுத்தேன்.
மூச்சு முட்டியது. "இன்னும்" என்றான்.
இன்னும் இழுத்தேன்.
கனேலாவின் மணியைக் கடைசியாக எடுத்து
முதுகெலும்புக்கு நேராக முடிந்தேன்,
அவன் கை எட்டாத இடத்தில்.

விரிசல் விட்ட மணி அது.
மற்றவை டாண் என்றால்
அது தொண்டை கமறியதுபோல் ஒன்று சொல்லும்.
ஆயிரம் மணியிலும் எனக்குத் தெரியும்.

ராத்திரி, மருந்துக்கடை மூலையில் நின்றேன்.
மணியோசை முன்னே வந்தது, ஆட்கள் பின்னே.
சந்து கொள்ளாத சத்தம்,
ஜன்னல் கண்ணாடிகள் பல் கிட்டின.
வெள்ளைப் பாவாடையில் அவன் தம்பி பாண்டெலிஸ்,
இந்த வருடக் கொரேலா, கிழவனின் ஜோடி,
கைக்குட்டையைச் சுழற்றி வழிவிலக்கினான்.
கைக்குட்டையின் ஒரு மூலை கிழிந்திருந்தது.
பெண்வேடம் போட்டவனுக்கு நல்லதாய் ஒன்று
கிடைக்கவில்லையா என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

என் முன்னால் நின்றான் கிழவன்.
குட்டித்தோல் முகமூடியின் இரண்டு ஓட்டைகள்.
இடுப்பை ஒடித்து ஆட்டினான், ஒருமுறை,
மறுமுறை,
நெடுநேரம்.
நான் கண்ணை மூடிக் கேட்டேன்.
நாற்பத்தேழும் பேசின.
அது பேசவில்லை.

சுத்தத் திங்கள் அன்று
தட்டை ரொட்டியும் ஆலிவுமாய் ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது.
சாக்கு மட்டும் என் கதவருகே.
ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன்.
கனேலாவின் மணிக்குள் நாக்கைச் சுற்றி
இறுக்கமாய் ஒரு வெள்ளைத் துணி,
ஓரத்தில் பின்னல் வேலை.

அவன் கை எட்டாத இடம்.
அப்படியென்றால்
யாரிடமோ திரும்பி நின்று
அந்த மணி எதுவென்று
சொல்லியிருக்கிறான்.

மாலையில் நாற்பத்தேழு கழுத்திலும் மாட்டினேன்.
சரிவு மறுபடி பேச ஆரம்பித்தது, ஒரே நேரத்தில், கண்டபடி.
துணியை அவிழ்க்கவில்லை.
சில்லை மட்டும் வெளியே எடுத்து
எங்கே எறிவதென்று தெரியாமல் முற்றத்தில் சுற்றி
திரும்ப உப்புக்குப் பின்னாலேயே வைத்தேன்.
நோன்பு இன்றுதானே தொடங்குகிறது.