ஊரும் பேரும்

சாலை மட்டப்படுத்தும் வண்டியை
ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு
"ஒன்றுக்குப் போக" என்றார் யகோப் அப்போல்லிஸ்.
அதைக் கட்டுரையில் எழுத முடியாது.
"தற்செயலாக" என்று எழுதினோம்.

ஆகஸ்ட் இறுதி. கேப்பின் வடக்கே ஒரு மேட்டுநிலம்.
மழை வந்துபோன செங்களிமண் பூட்ஸில் அப்பி
ஆளுக்கு இரண்டு கிலோ கூடியிருந்தோம்.
காலையில் போனோம்: புல்.
மதியம் போனோம்: அதே புல்,
கொஞ்சம் ஆட்டுப் புழுக்கை.
யகோப் பொய் சொல்கிறார் என்று
தெர்ஷியா சொல்லவில்லை;
வண்டிக் கதவைச் சற்று ஓங்கிச் சாத்தினாள்.

நாலு மணிக்கு
பிளாஸ்கிலிருந்து ரூயிபாஸ் தேநீரை
மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒன்று திறந்தது,
கடன்காரன் தெருமுனை தாண்டியதும்
திறக்கிற சன்னல் மாதிரி,
முதலில் ஒரு விரற்கடை,
பிறகு முழுசாக.

ஆறு இதழ். வெளியே தவிட்டு நிறம்.
உள்ளே என்ன நிறம் என்று
தெர்ஷியா நிற அட்டையை விரித்து
கட்டம் கட்டமாக வைத்துப் பார்த்தாள்.
எழுபத்துமூன்றுக்கும் எழுபத்துநான்குக்கும் நடுவே
அது நின்றுகொண்டது.
வாசனைக்கு நான் குனிந்தேன்:
அப்போதுதான் அணைத்த தீக்குச்சி.

நாற்பது நிமிடம்.
மூடிக்கொண்டு, மறுபடி புல்லாகிவிட்டது.

எண்ணினோம். பதினொன்று.
வேலியோரம் முள்ளம்பன்றி தோண்டிய மூன்று குழிகள்;
கிழங்கின் நார்ச்சட்டையை உரித்துப் போட்டுவிட்டு
உள்ளே இருந்ததைத் தின்றிருந்தது.
புதிய இனம் என்று
அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெயர் வைக்க ஓர் உடல் வேண்டும். அது விதி.
வேரோடு, கிழங்கோடு, பூவோடு ஒன்றைப் பிடுங்கி
நசுக்கி, உலர்த்தி, தாளில் தைத்து
இரும்பு அலமாரியில் வைத்தால்தான்
மீதிப் பத்தும் உலகத்தில் இருப்பதாகக் கணக்கு.
தோண்டுவது என் வேலை.
பதினெட்டு ஆண்டுகளாக.

எதைத் தோண்ட?
பெரியதையா? விதை விடப்போவதே அதுதான்.
நொண்டியையா? நாளைக்கு
இந்த இனமே நொண்டி என்று புத்தகத்தில் ஏறிவிடும்.
மறுநாள் நாலு மணிக்கு
கடைசியாகத் திறந்ததை எடுத்தேன்.
காரணம் கேட்காதீர்கள்.
ஒரு சாண் ஆழத்தில் இருந்தது,
பூண்டுப் பல் அளவு,
உள்ளங்கையில் சில்லென்று.

பேர் சொல்ல ஒரு பிள்ளை என்பார்களே,
அந்தப் பிள்ளை.
சனிக்கிழமைப் பேப்பரில்
ரக்பி முடிவுகளின்மேல் கிடத்தி
இன்னொரு பேப்பரால் போர்த்தினேன்.

நன்கொடையாளரின் மனைவி பெயரைச் சூட்டலாமே
என்று ஒரு கடிதம் வந்தது.
தெர்ஷியா அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாள்.
அப்போல்லிஸை லத்தீனில் வளைத்தாள்.
அவர் வாசித்துவிட்டு,
"உண்மையில் கண்டுபிடித்தது என் மூத்திரப்பை" என்றார்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் போன வருடம்
கூழாங்கல் போன்ற சிறு செடிகளைச்
சாக்குச் சாக்காக வாரிப்போயிருந்தார்கள்.
ஆகவே கட்டுரையில் அட்சரேகை இல்லை.
படத்தில் பின்னாலிருந்த குன்றை அழித்தோம்.

ஊர் பேர் தெரியாமல் கிடந்தது.
இப்போது பேர் உண்டு.
ஊர் மட்டும்
மூன்று பேரின் வாய்க்குள்.

யகோப் அந்தப் பக்கம் வரும்போது
வண்டியின் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓட்டுகிறார்,
அந்த இடத்தில் மட்டுமல்ல,
சாலையே காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று
முன்னும் பின்னுமாக நாலு கிலோமீட்டர்.
குலுக்கல் தாங்க முடியவில்லை என்று
நகராட்சிக்கு இதுவரை
ஆறு புகார்கள்.