ஒரு விரற்கடை

டிசம்பர் பிறந்துவிட்டால்
அலுவலகம் விட்டு நேரே என் வீட்டுக்குப் போவதில்லை.
திரிலோக்புரி திருப்பத்தில் பனிமூட்டம்
ஸ்கூட்டர் விளக்கை முழுசாய் விழுங்கும்.
தடவித் தடவி மயூர் விகார்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.

கதவைத் திறப்பவர் ஞானசிகாமணி.
என் மாமனார் என்று எழுதப் போய்
பேனா நிற்கிறது.
கர்கர்டூமா கோர்ட்டில் நாலு வருஷத்துக்கு முன்
அந்த உறவுக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.
அவர் மகன் கால்கரியில்.
அங்கே மைனஸ் இருபதாம்,
ஆறு டிகிரிக்கா இந்தக் கூத்து என்று
ஞாயிறுதோறும் வீடியோவில் சிரிப்பான்.

அவனுக்குத் தெரியாது,
டெல்லியில் ஆறு டிகிரி என்றால்
சுவருக்கு உள்ளேயும் ஆறு டிகிரி.
குளியலறைத் தரை பாதத்தைக் கடிக்கும்.
எண்பத்தொரு வயது ரத்தம்
விரல்நுனிவரை போய்வர யோசிக்கும்.

நான் பெரிதாக எதுவும் செய்வதில்லை.
மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை காலியா பார்ப்பேன்.
விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி
தொண்ணூற்று மூன்றா நாலா என்று முறைப்பேன்.
குரங்குக் குல்லாவில் சிக்கிக் காணாமல் போன
காதுக் கருவியைத் தோண்டி எடுப்பேன்.
அப்புறம் அன்றாடச் சண்டை.
கேஸ் ஹீட்டர் எரியும் அறையில்
ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்க வேண்டும் என்பேன்.
"காசு குடுத்துச் சூடு வாங்கி
தெருவுக்குத் தானம் பண்ணுதியா?"
என்று எழுந்துபோய் அடைப்பார்.
நான் திறப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டின அன்று
இடைஞ்சலாய் இருந்த சிலிண்டரை
நகர்த்தலாம் என்று தூக்கினேன்.
மூன்றாம் தேதி மாட்டியது.
பதினெட்டு ஆகியும் அதே கனம்.
ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்கூட்டர் குளிரில் விறைத்துக் கிளம்ப மறுத்தது.
மெட்ரோவில் வந்து, நடந்து,
என்னிடமிருந்த சாவியால் திறந்தேன்.
விளக்கில்லை.
ஹீட்டரின் இரும்பு, தொட்டால் ஐஸ்.
ரஜாயைப் போர்த்தி ஜன்னலோரம் நாற்காலியில் அவர்.
குல்லாவை ஒரு பக்கம் ஏற்றி, கருவி மாட்டிய காதைத்
தெருப்பக்கம் கொடுத்துக்கொண்டு.
ஜன்னல்
சரியாக ஒரு விரற்கடை திறந்திருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டால்தான் பற்றவைப்பாராம்.
நான் மூன்று மாடி ஏறுவதற்குள்
அறை கொஞ்சம் வெதுவெதுத்துவிடுமாம்.
"நீ குளிர்ல வார.
எனக்கென்ன, ஒத்தையாளுக்கு எதுக்கு அடுப்பு?"

திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.
கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இருபத்துமூன்றாம் தேதி ராத்திரி
கேரல் கோஷ்டி மூச்சிரைக்க மேலே வந்தது.
கித்தார், டிரம், சிவப்புத் தொப்பிப் பிள்ளைகள்.
கேக் தட்டோடு நின்ற என்னைக் காட்டி
ஊருக்குப் புதிதான போதகர் கேட்டார்:
"மகளுங்களா?"
அவர் யோசித்தார்.
இதற்கென்று நம் பாஷையில் ஒரு சொல் உண்டா என்று
நானும்தான் யோசித்தேன்.
தட்டில் ஒரு துண்டு கேக் கவிழ்ந்தது.
"இவ," என்றார், "ஸ்கூட்டர்ல வாரவ."
போதகர் புரிந்ததுபோல் தலையாட்டி
ஜெபத்தில் என்னையும் அப்படியே சேர்த்துக்கொண்டார்.

இப்போது ஜனவரி.
கீழே லோடிக்கு விறகு அடுக்குகிறார்கள்,
பொங்கலுக்குக் கரும்பு வாங்கக் கரோல் பாக் போக வேண்டும்.
சாயங்காலம் நாலு மணிக்கு
அலுவலகக் கழிப்பறையில் நின்று போன் செய்கிறேன்:
"கிளம்பிட்டேன். ஒரே பனி. மெதுவாத்தான் வருவேன்."
கிளம்புவது ஆறரைக்கு.

நம்புகிறாரா, தெரியாது.
"பைய வா," என்பதோடு சரி.
நேற்று சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு கையால் தூக்க முடிகிறது.