ஒற்று மிகா இடம்

வண்டி நின்ற ஊருக்கு ஸால்ட்ரெல் கிணறுகள் என்று பெயர்.
கிணறு எதுவும் இல்லை.
ஒரு பெட்ரோல் பங்க், பூட்டிய தபால் நிலையம்,
அரிசோனா வெயில் முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு
ஒரு நீல நிறக் குப்பைத்தொட்டி.
பதினைந்து நிமிடம் என்றார் ஓட்டுநர் டுவேன்.

எந்த ஊரில் இறங்கினாலும்
எழுதிவைத்திருப்பதை முதலில் படித்துவிடுவேன்,
கல்வெட்டானாலும் கழிப்பறைக் கட்டணமானாலும்.
இங்கே ஒரு பழுப்புப் பலகை.
யாரோ சுட்டுப் பழகிய நான்கு ஓட்டைகள்.

1917 ஜூலையில்
செப்புச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது
இருநூற்றுப் பத்துப் பேர்
இவ்வூரை விட்டு வெளியேறினர்.
உபயம்: வணிகர் சங்கம்.

"வெளியேறினாங்களாம்"
என்று பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.
எடுவிகெஸ் யெஸ்காஸ்,
ஃபீனிக்ஸ் ஆசுபத்திரியில் படுக்கைத்துணி வெளுப்பவள்.
சொன்னாள், பேருந்து நேரம் சொல்வதுபோல:
மாடு ஏற்றும் ரயில் பெட்டிகள்,
கணுக்கால் வரை பழைய சாணம்,
பெட்டிக்கு ஒரு பீப்பாய் தண்ணீர்.
வாசலில் துப்பாக்கியோடு நின்றவன்
அதுவரை தினமும் அவர்களுக்கு ரொட்டி விற்றவன்.
மணல் நடுவே இறக்கிவிட்டு
ரயில் காலியாகத் திரும்பிற்று.
அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர்.
மற்றபடி அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

என் மொழியில் இது ஓர் ஒற்றுதான்:
வெளியேறினர்,
வெளியேற்றினர்.
கூடுதலாக ஒரு ற், அதன் தலையில் ஒரு புள்ளி.
பலகையின் ஓட்டைகளில் ஒன்றை
இரவல் வாங்கினாலே போதும்.
ஆனால் அந்த ஒற்று வந்து உட்கார்ந்தால்
யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.
உபயதாரர் பெயரை
வாக்கியத்துக்குள் இழுக்க வேண்டியிருக்கும்.

நாற்பது மைல் தாண்டி மறுபடி நின்றோம்.
எல்லை தெற்கே எங்கேயோ இருந்தது.
இருந்தாலும் சாலையின் குறுக்கே
ஆரஞ்சுக் கூம்புகளாய் ஓர் எல்லை,
ஒரு கூடாரம், ஒரு நாய்.
ஏறி வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்,
மூக்குத்தோல் வெயிலில் உரிந்திருந்தது.
இந்நாட்டுக் குடிமகனா, குடிமகளா,
இருக்கை இருக்கையாக.

அவன் என்னிடம் வர இன்னும் ஆறு வரிசை இருந்தது.
நான் பாஸ்போர்ட்டை எடுத்து மடியில் வைத்து
விசாப் பக்கத்தில் விரலையும் நுழைத்தாயிற்று.
பார்த்தான், தலையசைத்தான்.
நான் நன்றி வேறு சொன்னேன்.

எடுவிகெஸ் சொன்னாள்:
"பதில் சொல்ல விருப்பமில்லை."
எங்கே பிறந்தீர்கள்?
"விருப்பமில்லை."
காகிதம் ஏதாவது?
"நான் போகலாமா, இல்லை என்னைப் பிடித்துவைத்திருக்கிறீர்களா?"

அவன் கீழே இறங்கி யாருக்கோ போன் செய்தான்.
நாய் தண்ணீர் குடித்தது.
"சொல்லித் தொலையேன் அம்மா, எனக்கு ஷிஃப்ட் இருக்கு"
என்றது பின்சீட்.
டுவேன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் ஏ.சி.யைக் கூட்டிவைத்தார்.
அது யார் பக்கம் என்று எனக்குப் புரியவில்லை.
இருபத்திரண்டு நிமிடம்.
பிறகு கூம்பு நகர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை.
அவள் பையிலிருந்து சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எடுத்து
பல்லால் கிழித்தாள். அப்போதுதான் கவனித்தேன்,
கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆறுதலாக ஏதாவது பேச நினைத்து
கேட்டுவிட்டேன்:
"நீங்கள் இங்கேயே பிறந்தவர்தானே?"

விதையை மெல்வதை நிறுத்தினாள்.
"நீயுமா" என்றாள்.

பிறகு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.
வாங்க ஒரு கைதான் இருந்தது.
இன்னொரு கையின் விரல்
இன்னும் விசாப் பக்கத்துக்குள்ளேயே இருந்தது,
படித்துக்கொண்டிருந்த இடம்
தவறிவிடக் கூடாது என்பதுபோல.