கொக்கி

பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற அந்துவான்
நாலரைக்கு வந்தார்.
நெல்லித்தோப்பில் ஒரு கல்யாண வீட்டு சீரியல் லைட்டாம்.

முத்தியால்பேட்டை, கடலுக்கு மூன்றாவது தெரு, மே மாதம்.
ஐந்து ராத்திரி ஈரத்துண்டு விரித்துத்
தரையில் கிடந்த உடம்பு எதையும் மன்னிக்கும்.

கண்டென்சர்தான், நூறு ரூபாயில் முடியும் என்று
அலுவலகத்தில் கேட்டுவைத்திருந்தேன்.
அவர் ஃபேனைப் பார்க்கவே இல்லை.
அது தொங்கிய கொக்கியைப் பார்த்தார்.
ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். உப்பும் துருவும்
என் தலையணையில் உதிர்ந்தன.

"இதுக்குக் கீழயா படுக்கறீங்க?"

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

புதுக் கொக்கியை இறுக்கியதும்
ஃபேனை மாட்டுவார் என்று நினைத்தேன்.
இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டு
ஸ்டூலிலிருந்து காலை எடுத்துவிட்டார்.
கொய்யா மரத்துப் பையன்போல
எழுபது கிலோவும் என் கூரையில் ஆட
பத்துவரை எண்ணினார், சத்தமாக.

"என்னையே தாங்குது.
நாலு கிலோ ஃபேனு என்னங்க."

எழுநூறு ரூபாய்.
பேரம் பேச வைத்திருந்த வாக்கியம்
முதல் காற்றிலேயே
காலண்டர் தாளோடு படபடத்துப் போயிற்று.

ஐந்தில் வைத்தால் இப்போதும் டிக் டிக் என்கிறது.
அவரைக் கூப்பிடவில்லை.
நாலில் வைத்துத் தூங்குகிறேன்.